கோடிங் பூட்கேம்புகளால் புரோகிராமிங் தொழிலுக்கு நல்லதா, கெடுதலா?

கேள்வி இதுதான்: "மூன்று மாதம், ஆறு மாதம் என்று பூட்கேம்ப் முடித்துவிட்டு வருகிறவர்களால் இந்தத் தொழிலின் தரம் கெடுகிறதா? அப்படியானால் நான்கு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவனுக்கு என்ன மதிப்பு?" கேட்டவர் கடைசி வருடம் படிக்கும் மாணவர். கேள்விக்குள் பயம் இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது. இரண்டுமே நியாயமானவைதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்கேம்ப் என்ற குறுகிய காலப் பயிற்சியால் இந்தத் தொழில் கெடவில்லை. படித்து முடித்த மாணவன் அப்புறம் என்ன ஆனாலும் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்ற நிலை வரும்போதுதான் கெடுகிறது. பூட்கேம்பும் சரி, பொறியியல் கல்லூரியும் சரி, தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரும் சரி, எல்லாவற்றையும் நான் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

நான் வந்த வழியைச் சொன்னால் என் சார்பு உங்களுக்குப் புரியும். 2000-இல் திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தேன். அப்போது தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர். ஜாவா படித்தால் நேராக அமெரிக்கா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அப்பா கூட்டுறவு சொசைட்டியில் கடன் வாங்கி முப்பதாயிரம் ரூபாய் கட்டினார். ஒன்பது மாத கோர்ஸ், முடித்தால் வேலை நிச்சயம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நான் முடித்த நேரத்தில் அமெரிக்காவில் இணையத்தை நம்பி முளைத்த டாட்காம் நிறுவனங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. சென்டரில் பிளேஸ்மென்ட் பார்த்துக்கொண்டிருந்த மேடம் முதல் இரண்டு மாதம் போனை எடுத்தார், அப்புறம் எடுக்கவில்லை. அடுத்த பேட்சுக்கான அட்மிஷன் மட்டும் நிற்காமல் நடந்தது. அந்தக் கடன் மூன்று வருடம் அப்பாவின் சம்பளத்தில் பிடித்தம் ஆனது.

எனக்குத் தொழில் கைவந்தது அதற்கு அடுத்த வருடம், கோடம்பாக்கத்தில் எட்டுப் பேர் வேலை பார்த்த ஒரு சின்ன அலுவலகத்தில். அங்கே இருந்த சீனியர் அக்கா ஒருவர் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்வார். நான் எழுதிய கோடை வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். "இந்த வரி என்ன செய்யுதுன்னு சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, பரவாயில்லை" என்பார். ஆறு மாதம் அப்படிப் போனது. சென்டரில் ஒன்பது மாதத்தில் வராதது அந்த அரை மணி நேரங்களில் வந்தது. அதற்காக சென்டரில் படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாமல் அந்த அலுவலகத்தின் வாசலைக்கூட நான் மிதித்திருக்க முடியாது.

சரி, கேள்விக்கு வருவோம். "பட்டம் இல்லாதவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்" என்ற மனக்குறைக்கு வரலாறு துணை நிற்கவில்லை. அமெரிக்காவில் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1962-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பே அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் புரோகிராம் எழுதிச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்க விமானப்படைக்காக ‘சேஜ்’ என்ற வான்பாதுகாப்புத் திட்டம் நடந்தது. அதற்குத் தேவையான அளவு புரோகிராமர்கள் நாட்டிலேயே இல்லை. ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனத்திலிருந்து 1957-இல் தனியாகப் பிரிந்த சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், ஆட்களைத் தேர்வு வைத்து எடுத்து, தானே சொல்லிக்கொடுத்து, தானே வேலைக்கும் வைத்துக்கொண்டது. ஐ.பி.எம். நிறுவனமும் திறனறித் தேர்வு வைத்துப் பலதரப்பட்டவர்களை எடுத்துப் பழக்கியது. நம் நாட்டில் 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்தபோது, வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் அங்கே குறுகிய காலப் பயிற்சி நடத்தினார்கள். ஆக, இந்தத் தொழிலில் குறுகிய காலப் பயிற்சிதான் மூத்த பிள்ளை, பட்டப்படிப்பு அதற்குப் பின்னால் பிறந்தது.

பழைய பயிற்சிகளில் ஒன்றைக் கவனியுங்கள். சொல்லிக்கொடுத்தவரும் வேலை கொடுத்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள். சரியாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அவருடைய வேலைதான் கெடும். இன்று நாம் பூட்கேம்ப் என்று சொல்வது அமெரிக்காவில் 2012 வாக்கில் பெருகியபோது இந்தக் கண்ணி அறுந்தது. சான் பிரான்சிஸ்கோவில் டெவ் பூட்கேம்ப், ஹேக் ரியாக்டர், ஆப் அகாடமி, நியூயார்க்கில் ஃபிளாட்டிரான் ஸ்கூல், அதற்கு ஒரு வருடம் முன்பே ஜெனரல் அசெம்பிளி. பத்து வாரம் முதல் ஆறு மாதம் வரை பயிற்சி, பத்தாயிரம் டாலருக்கு மேல் கட்டணம். ஆப் அகாடமி போன்ற ஒன்றிரண்டு இடங்கள் வேலை கிடைத்த பிறகு வாங்கிக்கொண்டன. மற்ற பெரும்பாலான இடங்களில் பணம் முதலிலேயே கைமாறியது.

ஆரம்ப வருடங்களில் வந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதைதான். ஆசிரியர் வேலை பார்த்தவர்கள், இசைக்கலைஞர்கள், ஓட்டல் சமையலறையில் நின்றவர்கள், பிள்ளைகளை வளர்த்துவிட்டு முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்த தாய்மார்கள். மறுபடி நான்கு வருடம் கல்லூரிக்குப் போக இவர்களால் முடியாது. மூன்று மாதம் என்றால் சேமிப்பைக் கரைத்து எப்படியோ சமாளித்துவிடலாம். கதவு இப்படித் திறந்தது தொழிலுக்கு லாபம் என்றே நினைக்கிறேன். மருத்துவமனை மென்பொருளை எழுதும் குழுவில் முன்னாள் நர்ஸ் ஒருவர் இருந்தால், அந்தக் குழு எத்தனை தவறுகளைச் செய்யாமலேயே தப்பிக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் போட்டி வந்தது. போட்டியோடு சதவீதக் கணக்கும் வந்தது. ஃபிளாட்டிரான் ஸ்கூல் தன் மாணவர்களில் 98.5 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாகவும், சராசரிச் சம்பளம் 74,447 டாலர் என்றும் விளம்பரம் செய்தது. 2017 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் அந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டியது. வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையில் தொழில்பழகுநர்கள், ஒப்பந்த வேலைக்காரர்கள், சொந்தமாகச் செய்கிறோம் என்றவர்கள் எல்லோரும் சேர்த்தி. சம்பளச் சராசரியிலோ முழுநேர வேலையில் இருந்தவர்கள் மட்டும்தான் சேர்த்தி. அதாவது மாணவர்களில் 58 சதவீதம் பேர். இரண்டு எண்களும் தனித்தனியாகப் பொய் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் தகப்பனுக்கு அவை பொய். மாநில உரிமம் இல்லாமல் பள்ளி நடத்தியதற்கும் சேர்த்து 3,75,000 டாலர் கட்டி விவகாரத்தை முடித்தார்கள். அதே 2017-இல் டெவ் பூட்கேம்பும், தி அயர்ன் யார்ட் என்ற இன்னொரு பூட்கேம்பும் மூடப்போவதாக அறிவித்தன.

அந்த வருடமே லாம்டா ஸ்கூல் வந்தது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்ன அளவுகோலுக்கு ஏற்ற பள்ளி இதுதான் என்று அப்போது நானே நம்பினேன். முதலில் காசு வேண்டாம் என்றார்கள். வருடத்துக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பளம் வரும் வேலை கிடைத்தால், இரண்டு வருடம் சம்பளத்தில் 17 சதவீதம் கொடு, மொத்தம் 30,000 டாலரைத் தாண்டாது. வேலை கிடைக்காவிட்டால் எங்களுக்கும் ஒன்றும் வராது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள்! கற்றுக்கொடுப்பவரும் கற்றுக்கொள்பவரும் ஒரே படகில் உட்கார்ந்த மாதிரி.

படகிலிருந்து பள்ளி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டது. மாணவர்கள் எழுதிக்கொடுத்த அந்த வருமானப் பங்கு ஒப்பந்தங்களில் பலவற்றை முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே விற்றுக் காசாக்கியது. விற்ற பிறகு மாணவனுக்கு வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன? பின்னர் ப்ளூம் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்று பெயரை மாற்றிக்கொண்ட அந்தப் பள்ளி மீது, அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. இது கடனே இல்லை என்று மாணவர்களிடம் சொன்னார்கள், உண்மையில் அது கடன்தான், சராசரியாக 4,000 டாலர் நிதிக்கட்டணம் அதற்குள் இருந்தது என்றது அந்த அமைப்பு. வெளியில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், உள்கணக்கு 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது, சில பேட்சுகளில் 30 வரை இறங்கியிருந்தது. ஒரு பேட்சில் நூற்றுக்கு நூறு வேலை என்று அதன் தலைவர் ஆஸ்டன் ஆல்ரெட் ட்விட்டரில் எழுதியிருந்தார். அந்தக் கணக்கில் இருந்த மாணவர் ஒரே ஒருவர். பள்ளி இனி நுகர்வோர் கடன் கொடுக்கக் கூடாது என்று நிரந்தரத் தடை, ஆல்ரெட் மாணவர் கடன் தொழில் பக்கம் வர பத்து வருடத் தடை, இருவருக்கும் சேர்த்து 1,64,000 டாலர் அபராதம்.

இதைப் படித்த அன்று எனக்கு அப்பாவின் சொசைட்டிப் பாஸ்புக் ஞாபகம் வந்தது. ஊரும் காலமும் வேறு. நடந்தது ஒன்றுதான்.

இன்னொரு மாதிரியும் அதே அமெரிக்காவில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சியாட்டிலில் 2013-இல் தொடங்கிய எய்டா டெவலப்பர்ஸ் அகாடமி, பெரும்பாலும் பெண்களுக்கானது, லாப நோக்கில்லாதது. கட்டணம் வாங்கவில்லை. ஆறு மாதம் வகுப்பு, அப்புறம் ஐந்து மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப். வகுப்பு முடிந்ததும் மாணவி நேராக ஒரு குழுவுக்குள் போய், அனுபவசாலிகளுக்குப் பக்கத்தில் உட்கார்வார். கோடம்பாக்கத்து அக்காவைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இப்படிப் பக்கத்தில் உட்கார்வதைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்பதற்கு என் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். சில வருடங்களுக்கு முன் சிவகாசிப் பக்கத்துப் பையன் ஒருவன் சேர்ந்தான். மெக்கானிக்கல் படித்தவன், சென்னையில் ஆறு மாத கோர்ஸ் முடித்து வந்தான். ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட் என்று இணையதளம் எழுதத் தேவையான கருவிகள் எல்லாம் விரல் நுனியில். சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு கடைக்காரர் போன் செய்தார். பில்லில் வரியையும் விலையையும் கூட்டினால் மொத்தத்தோடு ஒரு பைசா இடிக்கிறது, ஆடிட்டர் ஏற்க மாட்டேன் என்கிறார் என்று. பையன் பைசாவை முழுதாக்கும் ‘ரவுண்ட்’ ஃபங்ஷனைக் கோடில் ஓர் இடத்தில் போட்டான். அந்த பில் சரியானது, வேறொரு பில் கெட்டது. இன்னோர் இடத்தில் போட்டான். மூன்றாவது பில் கெட்டது. சாயங்காலம் முகம் வாடி உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன். கட்டளை தட்டிப் பார்க்கும் பிரவுசரின் கன்சோலைத் திறந்து 0.1 + 0.2 என்று தட்டச் சொன்னேன். 0.30000000000000004 என்று வந்தது. திரும்பவும் தட்டினான், அதேதான். பிறகு 1.005-ஐ 100-ஆல் பெருக்கச் சொன்னேன். 100.49999999999999 என்று காட்டியது. "கம்ப்யூட்டருக்குக் கூட்டல் தெரியாதாண்ணே?" என்று கேட்டான். ஒரு தாளை எடுத்து ஒன்றை மூன்றால் வகுக்கச் சொன்னேன். 0.333 என்று எழுதிக்கொண்டே போனான். "எங்கே முடியும்?" என்றேன். "முடியாதுண்ணே" என்றான். நமக்கு மூன்றில் ஒரு பங்கு எப்படி முடியாத எண்ணோ, இரண்டின் அடிமானத்தில் எண்ணும் இயந்திரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அப்படி, ஓரிடத்தில் வெட்டித்தான் வைத்துக்கொள்ளும் என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனாகவே சொன்னான்: "அப்போ ரூபாயில வைக்காம பைசாவில வச்சா? எல்லாமே முழு எண்ணாயிடுமே." அன்று இரவே மாற்றி எழுதினான். அதன் பிறகு எங்கள் பில்களில் ஒரு பைசா தகராறு வந்ததில்லை.

இதைக் கேட்டதும், பார், பூட்கேம்ப் காரனுக்கு அடிப்படை தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். அதே தவறை அதற்கு இரண்டு மாதம் முன்பு, மென்பொருளின் வேறொரு பகுதியில், பல்கலைக்கழக ரேங்க் வாங்கிய கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிப் பெண் ஒருவரும் செய்திருந்தார். தசம எண்களை இயந்திரம் எப்படிச் சேமிக்கிறது என்பதைத் தேர்வில் பதினாறு மதிப்பெண்ணுக்கு எழுதியவர் அவர். ஆனால் அந்தப் பதினாறு மதிப்பெண் விடைக்கும் கடைக்காரரின் பில்லுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

ஆனாலும் பட்டப்படிப்பு தந்த பலம் அவரிடம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஒரு வருடம் கழித்து எங்கள் ரிப்போர்ட் ஒன்று நகர மறுத்தது. நூறு பில் இருந்தபோது கண்சிமிட்டும் நேரத்தில் வந்தது, நாற்பதாயிரம் பில் ஆனதும் பல நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியாக டேட்டாபேஸிடம் போய்க் கேட்டுவரும்படி எழுதியிருந்ததுதான் காரணம். அந்தப் பெண்ணுக்குக் காரணத்தைச் சொன்ன மாத்திரத்தில் புரிந்தது. அன்று மதியமே ஒரே கேள்வியாக மாற்றி, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸையும் போட்டுவிட்டார். பையனுக்கு அது புரிய மாதக்கணக்கில் ஆனது. டேட்டாபேஸ் உள்ளே எப்படித் தேடுகிறது என்ற படம் அவன் மனதில் இல்லை. அவனுடைய கோர்ஸில் அதற்கு நேரமும் இருக்கவில்லை. ஆக, மூன்று நான்கு வருடம் ஒழுங்காகப் படித்த படிப்பு தரும் அடித்தளத்தை ஆறு மாதம் தராது. கேள்வி கேட்ட மாணவருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் படிப்புக்கு மதிப்பு போய்விடவில்லை. ஆனால் அந்த மதிப்பு சான்றிதழில் கிடையாது. டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் பாடங்களை அரியர் வராமல் தாண்டினால் போதும் என்று படித்திருந்தால், உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் வித்தியாசம் ஒன்றும் இருக்காது. அவன் உங்களைவிடப் பசியோடு வேறு வருவான்.

சம்பளம் குறைகிறது என்ற குற்றச்சாட்டையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் பூட்கேம்புகள் கொழித்த பத்து வருடத்துக்குப் பிறகு, 2023 மே மாதக் கணக்கில், சாஃப்ட்வேர் டெவலப்பர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) வருடத்துக்கு 1,32,270 டாலர். விலை போகாத தொழிலின் சம்பளம் இல்லை இது. ஆள் வரத்து கூடியதற்கும் கல்லூரிகளே முக்கியக் காரணம். அங்கே கம்ப்யூட்டர் துறைகளில் வருடத்துக்கு இளநிலைப் பட்டம் வாங்குபவர்கள் 2012-இல் ஏறத்தாழ 47,000 பேர், பத்து வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். நம் ஊரில் பெரிய சர்வீஸ் கம்பெனிகள் ஃப்ரெஷருக்கு வருடத்துக்குக் கொடுக்கும் மூன்று, மூன்றரை லட்சம் ரூபாய் பதினைந்து வருடமாக அங்கேயே நிற்கிறது. அதற்கும் பூட்கேம்ப் காரணமில்லை. பூட்கேம்ப் என்ற சொல் இங்கே புழக்கத்துக்கு வரும் முன்பே, வருடா வருடம் கல்லூரிகளிலிருந்து வந்த கூட்டம் அந்தச் சம்பளத்தை அங்கே நிறுத்திவிட்டது.

உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது, அதைச் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. ஹைதராபாத் அமீர்பேட்டையும், பெங்களூரு மாரத்தஹள்ளியும், நம் வேளச்சேரியும் பயிற்சி மையங்களால் நிரம்பியவை. அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், காலை ஆறு மணி பேட்சில் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நடுவிலேயே, இரண்டு வருட அனுபவம் போட்டுத்தருகிறோம் என்று பொய்யான அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை ஒரே வாரத்தில் மூன்று பேரை இன்டர்வியூ செய்தேன். மூவரும் வேறு வேறு கம்பெனிப் பெயர் சொன்னார்கள். எழுதிய கோடைப் போட்டுக் காட்டும் கிட்ஹப் தளத்தில் மூவரின் பக்கத்திலும் அதே உணவு டெலிவரி ஆப். ‘ரிசீவ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிப் போட்ட அதே பிழை, அதே வரியில். மூன்றாவதாக வந்தவரிடம் அந்த வரியைக் காட்டியபோது அவர் கண்கள் கலங்கிவிட்டன. வீட்டில் தங்கை திருமணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வந்ததாகச் சொன்னார். கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? நேர்மையாகப் படித்து, "எனக்கு அனுபவம் இல்லை சார், கற்றுக்கொள்கிறேன்" என்று வருகிறவர்கள்தான். பொய் பெருகப் பெருக கம்பெனிகள் வேலியை உயர்த்துகின்றன. பி.எஃப். கணக்கில் ஒவ்வோர் ஊழியருக்கும் தரப்படும் யு.ஏ.என். எண்ணை வைத்துப் பழைய வேலையைச் சரிபார்க்கிறார்கள், அது தேவைதான். ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம், குறிப்பிட்ட பட்டம் மட்டும் என்ற வடிகட்டிகளும் கூடவே இறுகுகின்றன. மெக்கானிக்கல் படித்த சிவகாசிப் பையன் அதில் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுவான்.

நம் பக்கத்திலேயே சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ நிறுவனம், அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்தபோதே, 2005 வாக்கில் ஆறு மாணவர்களோடு தன் பள்ளியைத் தொடங்கியது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை, மாதா மாதம் உதவித்தொகை உண்டு. சென்னையிலும் தென்காசியிலும் நடக்கிறது. அங்கே மோசமாகச் சொல்லிக்கொடுத்தால் அதன் பலனை அனுபவிக்கப்போவது அதே நிறுவனத்தின் மென்பொருள்தான். விப்ரோ 1995 முதல் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் படிப்பு படிக்க வைத்ததும் இதே வகைதான். இதிலும் குறை உண்டு. கையில் பட்டம் இல்லாமல் ஒரே நிறுவனத்தை நம்பி வளர்ந்தவருக்கு வெளியே போவது கடினம். அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசா இளநிலைப் பட்டத்தையோ அதற்கு இணையான நீண்ட அனுபவத்தையோ கேட்கிறது. பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டே சேர்க்க வேண்டும்.

கடைசி இரண்டு மூன்று வருடத்தில் நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயரில் பூட்கேம்ப் நடத்துவதற்காக, 2019-இல் டிரைலஜி என்ற நிறுவனத்தை 75 கோடி டாலர் கொடுத்து வாங்கிய 2யு நிறுவனம், 2024 ஜூலையில் திவால் மனு போட்டது. அந்த டிசம்பரில் பூட்கேம்புகளையே நிறுத்துவதாக அறிவித்தது. ஆள் எடுப்பது குறைந்தது ஒரு காரணம், புதியவர்களுக்குக் கொடுத்துப் பழக்கும் சின்னச் சின்ன வேலைகளை சாட்ஜிபிடி மாதிரியான கருவிகள் செய்துவிடுவது இன்னொன்று. ஒரு ஃபார்ம், ஒரு பட்டன், ஒரு லாகின் பக்கம் எழுதத் தெரிந்தால் வேலை என்ற காலம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். கருவி எழுதித்தரும் கோடில் ரூபாயை தசம எண்ணாக வைத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் ஆள் முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுகிறார். அந்தக் கண் ஆறு மாத வகுப்பில் வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பழக்க வேண்டும். ஃப்ரெஷரை எடுக்காமல், ஐந்து வருட அனுபவம் உள்ளவர்தான் வேண்டும் என்று எல்லாக் கம்பெனியும் விளம்பரம் போட்டால், அந்த ஐந்து வருடத்தை எந்த வீட்டில் போய்ச் சம்பாதிப்பார்கள்? தொழிலைக் கெடுப்பது யார் என்று கேட்டால், பூட்கேம்புகளுக்கு முன்னால் எங்களைப் போன்று ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களைத்தான் நான் நிறுத்துவேன்.

பூட்கேம்பில் சேரலாமா என்று இதைப் படித்துவிட்டு யோசிப்பவர்களுக்கு, நான் என் தம்பிக்குச் சொல்வதைப் போலவே சொல்கிறேன். முதலில் மூன்று மாதம் இலவசமாகக் கிடைப்பதை வைத்து வீட்டிலேயே தினமும் இரண்டு மணி நேரம் எழுதிப் பாருங்கள். பிழை வந்தால் எரிச்சல் வருகிறதா, விடாமல் தோண்டத் தோன்றுகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அதன் பிறகும் ஆசை இருந்தால் சென்டருக்குப் போங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்களை விட்டுவிட்டு, ஒரு வருடம் முன்பு முடித்த ஒரு பேட்சின் முழுப் பட்டியலைக் கேளுங்கள். அதில் ஐந்து பேரை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், நீங்கள் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். ‘ஜாப் கேரண்டி’ என்று வாயால் சொல்லிவிட்டு ஒப்பந்தத்தில் ‘ஜாப் அசிஸ்டன்ஸ்’ என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், முன்னது வேலை நிச்சயம் என்பது, பின்னது வேலை தேட உதவி மட்டும், இரண்டும் ஒன்றல்ல. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், ‘மாதத் தவணைதான், ஒரு கையெழுத்து போடுங்கள்’ என்று நீட்டும் தாளை, போனில் காட்டினால் போனில், பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். பெரும்பாலும் அங்கே பணம் கொடுப்பது சென்டர் இல்லை, ஒரு நிதி நிறுவனம். உங்கள் பெயரில் கடன் போட்டு, கட்டணம் முழுவதையும் சென்டருக்கு முதல் மாதமே கொடுத்துவிடுவார்கள். நடுவில் சென்டர் மூடினாலும், சொல்லிக்கொடுப்பவர் மாறினாலும், வேலை வராவிட்டாலும் தவணை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும், ஒரு மாதம் தவறினால், அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் இறங்கும். கடன் கொடுப்பவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது, பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் யார் பொறுப்பு, இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகு அப்பாவிடம் கையெழுத்து வாங்குங்கள்.